ஆட மறுத்தவர்கள்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லுவது நாம் அறிந்த கால்பந்து அல்ல. அந்த ஆட்டத்தில் காலுக்குள்ள வேலை பெரும்பாலும் ஓடுவதுதான். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிர்க் கட்சிக்காரர்கள் மோதி மண்ணில் சாய்ப்பார்கள். தலைக்குக் கவசம் உண்டு, தோளுக்கும் உண்டு. முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார்களுக்குக் கடவுள்தான் துணை.

அங்கே சர்வகலாசாலை மாணவர்களின் ஆட்டப் பருவம் முடிந்ததும் ஒரு திருவிழா நடக்கும். கலிபோர்னியாவில் உள்ள பாஸடீனா நகரத்தார், தங்கள் புத்தாண்டு ரோஜா ஊர்வலத்தோடு 1902-ல் ஒரு பந்தயத்தையும் சேர்த்தார்கள். மிச்சிகன் மாணவர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை 49-0 என்று துவைத்தெடுத்தார்கள். பிறகு 1916 வரையில் அந்தப் பேச்சே எழவில்லை. 1922-ல் கிண்ண வடிவத்தில் அரங்கம் கட்டியதும் பந்தயத்துக்கும் 'ரோஸ் பௌல்' என்று பெயர் வந்தது. அதைப் பார்த்து ஆரஞ்சு பௌல், சுகர் பௌல் என்று ஊருக்கு ஊர் கிண்ணங்கள் முளைத்தன. இன்று ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன.

கிண்ணத்தில் விழுந்த பணம் யாருக்குப் போயிற்று? ஊர் வியாபாரிக்கு, கல்லூரிக்கு, டெலிவிஷன் கம்பெனிக்கு. ஆடியவனுக்கு நெடுங்காலம் கிடைத்தவை படிப்புச் செலவும் சில பரிசுப் பொருள்களும்தான். 1955-ல் கொலராடோ மாநிலத்துக் கல்லூரி வீரன் ஒருவன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தான். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைப்பது போன்ற நஷ்ட ஈட்டை அவன் மனைவி கேட்டாள். 1957-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை. எனவே அவன் செய்தது வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு 2016 ஜனவரி 1-ஆம் தேதிக்கு வாருங்கள். ஃபியஸ்டா பௌல் பந்தயத்தில் நோட்டர் டேம் கட்சியின் ஜேலன் ஸ்மித் ஆடினார். தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் இளைஞர்களை வரிசை முறையில் பொறுக்கி எடுக்கும். வரிசையில் முந்தியவருக்குச் சம்பளம் அதிகம். ஸ்மித் முதல் ஐவரில் ஒருவராவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அன்று அவருடைய முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. அதே ஆட்டத்தில் எதிர்க் கட்சியில் ஆடியவர் எசேக்கியல் எலியட். அவரை டல்லஸ் குழு நான்காவதாகத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய 2½ கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஸ்மித்தையும் அதே டல்லஸ் குழுதான் எடுத்தது, ஆனால் 34-ஆவதாக. தொகை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில் லூயிசியானாவின் லெனர்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் தங்கள் கிண்ணப் பந்தயங்களில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். தோழர்களைக் கைவிட்டார்கள், சுயநலக்காரர்கள் என்று கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல் அடங்குமுன்பே, டிசம்பர் 30-ஆம் தேதி ஆரஞ்சு பௌலில் ஆடிய மிச்சிகன் வீரர் ஜேக் பட்டின் முழங்கால் போயிற்று. 2017-ல் ஃபோர்னெட் நான்காவதாகவும் மெக்காஃப்ரி எட்டாவதாகவும் தேர்வானார்கள். பட் ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்தார். ஆனாலும், மறுபடி வாய்ப்பு வந்தாலும் ஆடவே செய்வேன் என்று அவர் சொன்னார். அவர் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் பெருந்தன்மையை ஒருவன் தானாக அளிக்கலாம்; மற்றவர்கள் கடனைப்போல் கேட்டு வாங்க முடியுமா?

ஆடாதவர்களால் நஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில், அதுவரை தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட் கட்சி, இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்சு பௌலில் இறங்கி, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. எஞ்சி நின்ற பையன்களில் பலருக்குத் தொழில்முறை ஆட்டம் எட்டாக் கனி. வாழ்நாளில் கிடைத்த பெரிய மேடையில் அவர்களுக்குக் கிடைத்தது அவமானம்தான். அவர்களை நினைத்தால் எனக்கும் மனம் கனக்கிறது.

ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி யார்? 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம்; 2025 முதல் கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கலாம். அதாவது, அது வேலைதான் என்று மெல்ல மெல்ல ஒப்புக்கொள்கிறார்கள். 1957-ல் ஒரு விதவைக்கு அதை விளையாட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். விளையாட்டு என்றால், வேண்டாம் என்று விலகி நிற்கவும் ஆடுகிறவனுக்குச் சுதந்திரம் உண்டல்லவா? ஆட மறுத்த இளைஞர்கள் புதிதாக எந்தச் சட்டமும் இயற்றவில்லை. பெரியவர்கள் சொன்ன சொல்லை அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான்.