பொருள்களின் இணையம்

‘இணை’ என்னும் வினையடியாகப் பிறந்தது இணையம். பொருள்கள் ஆள் துணையின்றிச் செய்தி பரிமாற அமைந்த வலையே ‘பொருள்களின் இணையம்’, ஆங்கிலச் சுருக்கமாக ஐஓடி. சரக்குகளில் ஒட்டும் ரேடியோ சில்லுகளைப் பற்றிப் பேச கெவின் ஆஷ்டன் 1999-இல் இட்ட பெயர். அந்த முதற்பொருளை இன்றும் வானகரம் சுங்கச்சாவடியில் பார்க்கலாம்: காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக். அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. மேலிருக்கும் ஆன்டெனாவின் அலையிலேயே உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். கட்டணம் கழிந்து, பெரும்பாலும் அம்பத்தூர் தாண்டுவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆவடி வீட்டு மாடியில் தொட்டி நிரம்பியதைச் செல்போனுக்குச் சொல்லி மோட்டாரை நிறுத்தும் கருவியும் இவ்வகையே. மிதவை சுவிட்சு மட்டும் என்றால் அது தானியங்கி. ‘பொருள்களின் இணையம்’ என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.