மவுண்ட் ரோட்டுக்கு ரெண்டு டிக்கெட்

நீங்க லீவு விட்டா கிராமத்தைப் பாக்க வர்றீங்க. வரப்புல நடந்து, பம்புசெட்டுல குளிச்சு, போட்டோ எடுத்துக்கிட்டுப் போறீங்க. சந்தோஷம். ஒரு விவசாயி லீவு எடுத்தா எங்க போவான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேக்காட்டியும் சொல்லிடறேன். நான் மெட்ராஸுக்குப் போகப் போறேன். பீச்சு பாக்க இல்ல, மெட்ரோ ரயில்ல ஏற இல்ல. சினிமா தியேட்டர் பாக்க.

சம்பா அறுவடை முடிஞ்சாச்சு. அறுப்புக்கு முன்னாடியே தெளிச்ச உளுந்து முளைச்சு நிக்குது. ஆடு மாடு வாய் வைக்காமப் பாத்துக்கிட்டா போதும், அதுக்கு மவன் இருக்கான். வருஷத்துல எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது இந்தப் பத்து நாள்தான்.

நான் தனியாப் போகல. எங்க ஊர் டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்த அண்ணனும் கூட வர்றாரு. அவருக்கு இப்ப வயசு 74. பேரு வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆபரேட்டர் அண்ணன்னே வச்சுக்குவோம்.

எங்க கொட்டகை ஊருக்கு வெளியில, வாய்க்காலை ஒட்டி இருந்துச்சு. கீத்து வேஞ்சது, பக்கத்துக்குப் பனமட்டை அடைப்பு. பொழுது சாஞ்சு இருட்டுனாத்தான் படம். சீர்காழி குரல்ல பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கர்ல கேட்டுச்சுன்னா, சோத்துத் தட்டை அப்படியே வச்சுட்டு ஓடுவோம். தரை டிக்கெட் 25 காசு. மணலைக் கூட்டி மேடு கட்டி அது மேல உக்காந்துக்கணும். ஒத்த மிஷின்தான், அதனால ரீல் மாத்த மாத்த மூணு நாலு இடைவேளை வரும். முறுக்கு, சோடா, கடலை உருண்டை எல்லாம் அப்ப யாவாரம் ஆகும். பிலிம் அறுந்தா மொத்தக் கொட்டகையும் விசில் அடிக்கும். அண்ணன் உள்ள வேர்த்து விறுவிறுக்க ஒட்டிக்கிட்டு இருப்பாரு. கார்பன் குச்சி எரியிற சூட்டுல அந்த ரூம்ல நிக்கவே முடியாது.

படப்பெட்டி கொண்டாரப் போறப்ப எல்லாம் மெட்ராஸ் தியேட்டர் பத்தி விநியோகஸ்தர் ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து எங்களுக்குச் சொல்லுவாரு. "மவுண்ட் ரோட்டுல ஒரே இடத்துல மூணு தியேட்டராம். உள்ளாற மார்கழி மாசம் மாதிரி குளுருமாம். ஒரு நாளைக்கு உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறேன் பாரு." அந்த ஒரு நாள் வரவே இல்ல. இப்ப நான் கூட்டிட்டுப் போறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி, எதைப் பாக்கறது, எது எப்ப வந்துச்சுன்னு கொஞ்சம் படிச்சேன். படிச்சதுல எனக்கு முதல் ஆச்சரியம், கதை மெட்ராஸுல மட்டும் ஆரம்பிக்கலங்கறது. எங்க பக்கத்துத் திருச்சிக்கும் அதுல பங்கு இருக்கு.

1890-களின் கடைசியிலேயே மெட்ராஸில் விக்டோரியா பப்ளிக் ஹாலில் சலனப்படம் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் பெரிய மனிதர்கள். ஊர் ஊராக அதைக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். ஆக, எங்க கீத்துக் கொட்டகைக்குப் பாட்டன் அந்தக் கூடாரம்தான்.

மெட்ராஸில் நிரந்தரக் கட்டடமாக வந்தவற்றில் ரொம்பப் பழையது எலெக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913-ல் மவுண்ட் ரோட்டில் நடத்தினார். இரண்டே வருஷத்தில், 1915-ல், இடம் தபால் துறைக்குப் போய்விட்டது. அடுத்து 1914-ல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். மெட்ராஸில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அது. 1931 அக்டோபர் 31-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது, தங்கசாலைப் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலில். பின்னாளில் அதற்கு முருகன் டாக்கீஸ் என்று பெயர். படப்பெட்டி வந்தபோது ஜனங்கள் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். இதை அண்ணன்கிட்ட சொன்னப்ப அவரு சிரிச்சாரு. "நான் பெட்டியை சைக்கிள் கேரியர்ல வச்சு நனையாம கொண்டாந்தப்ப ஒருத்தனும் பூப் போடலியே தம்பி."

இந்த இடத்துல நான் ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும்.

அண்ணன் காலனித் தெரு. நான் குடியானத் தெரு. அப்ப எங்க ஊர் டீக்கடையில ரெட்டைக் கிளாஸ் இருந்துச்சு. அண்ணனுக்கு வெளிய தொங்குற கிளாஸ்தான். குடிச்சுட்டு அவரே கழுவி வைக்கணும். எங்க தெருவுல பொடிப் பசங்ககூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஆனா கொட்டகைக்குள்ள வந்துட்டா, பிலிம் அறுந்த நேரத்துல, எங்க தெருப் பெரியவங்களே "ஆபரேட்டரே, சீக்கிரம் போடுங்க"ன்னு கெஞ்சுவாங்க. நானும் அங்கதான் அவரை முதல்முதலா "அண்ணே"ன்னு கூப்பிட்டேன். வெளிய வந்தா மறுபடியும் பேருதான். இதை எழுத இப்ப வெக்கமா இருக்கு. ஆனா நடந்தது அதுதான்.

தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். அங்கே உட்காரும் இடத்தைக் காசு தீர்மானித்தது, பிறப்பு தீர்மானிக்கவில்லை என்பது அவர் கருத்து. எங்க ஊர் கோயிலுக்குள்ள போக முடியாதவங்களும் கொட்டகையில என் பக்கத்து மணல்ல உக்காந்திருந்தாங்க. சின்ன வயசுல அது எனக்கு ஒரு விஷயமாவே தெரியல. இப்ப யோசிச்சா, எங்க ஊர்ல அப்படி வேற இடமே இல்ல. 25 காசு கொடுத்தா எல்லாருக்கும் ஒரே மணல்.

இருட்டுல மட்டும்தான் அது. லைட்டைப் போட்டா அவங்கவங்க தெரு அவங்கவங்களுக்கு. இருந்தாலும் மூணு மணி நேரம் மூணு மணி நேரம்தான்.

சரி, பயணத்துக்கு வர்றேன். ஒரு நோட்டுல கோடு போட்டு ரெண்டா பிரிச்சேன். ஒரு பக்கம் "இருக்கு". இன்னொரு பக்கம் "இல்ல". அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுனேன். "இல்ல" பக்கம்தான் சீக்கிரம் ரொம்பிடுச்சு.

அவரு முதல்ல சொன்ன பேரு சஃபையர். அந்த மூணு தியேட்டர் அதுதான்: சஃபையர், எமரால்டு, புளூ டைமண்ட். 1964-ல் 'கிளியோபாட்ரா' படத்தோடு திறந்தார்கள். இந்தியாவிலேயே ஒரே வளாகத்தில் இத்தனை தியேட்டர் வந்தது அங்கேதான் முதல் தடவை. புளூ டைமண்டில் காலையிலிருந்து படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வெயிலுக்குப் பயந்து உள்ளே போய்த் தூங்கியவர்கள் கதையெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1994-ல் மூடிவிட்டார்கள்.

அடுத்தது சாந்தி. 1961-ல் திறந்தது, சிவாஜி குடும்பத்துத் தியேட்டர். 2016-ல் மூடி இடித்துவிட்டார்கள். கெயிட்டி இல்ல. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில இருந்த வெலிங்டன் இல்ல. ஆனந்த் இல்ல. எல்பின்ஸ்டன் இல்ல. அசோக் நகர் உதயமும் 2024-ல் போயிடுச்சு.

ஏன் போச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. டிவி, திருட்டு சிடி, செல்போன்னு. எல்லாம் உண்மைதான். ஆனா ஒரு விவசாயியாப் பாத்தா எனக்கு வேற ஒண்ணும் தெரியுது. எங்க ஊர் ரோட்டோரம் முப்போகம் வெளைஞ்ச நன்செய் இருந்துச்சு. அதுல வெளையுற நெல்லோட விலையை விட, கல்லு நட்டு பிளாட் போட்டா வர்ற விலை பல மடங்கு ஆனப்ப வயல் போயிடுச்சு. வெள்ளாமை குறைஞ்சு போகல, மண்ணு விலை ஏறிப் போச்சு. மவுண்ட் ரோட்டுலயும் அதேதான் நடந்திருக்கு. அந்த இடத்துல நாலு ஆட்டம் படம் ஓட்டி வர்ற காசை விட அந்த மனையோட மதிப்பு பெருசு. எங்க கொட்டகை இருந்த இடமும் இப்ப பிளாட்டுதான்.

இப்ப "இருக்கு" பக்கம். தபால் துறைக்குப் போனாலும் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடத்தை இடிக்கல. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள்ளயே இருக்கு. அஞ்சல்தலை விற்கிற பிரிவு அதுல நடக்குது. டிக்கெட் இல்லாம உள்ள போகலாம். ஒரு அஞ்சல்தலை வாங்கிக்கிட்டா போச்சு. அடுத்தது கேசினோ. 1940-களின் தொடக்கத்துல வந்தது, இங்கிலீஷ் படத்துக்குப் பேர் போனது. அப்புறம் தேவி. 1970-ல் வந்த பெரிய வளாகம். அதுல தேவி பாரடைஸுக்குப் படி ஏற வேண்டியதில்ல, சுத்திச் சுத்திச் சரிவாவே நடந்து மேல போயிடலாம். அண்ணனுக்கு முழங்கால் வலி. அதனால பெரிய படம் அங்கதான்னு முடிவு பண்ணிட்டேன்.

இனி செலவுக் கணக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து 2500 ரூபா. அரசு கொள்முதல் விலையில சுமாரா ஒரு குவிண்டால் நெல்லு. அதுக்கு மேல ஒரு பைசா கூடாதுன்னு வீட்டுல உத்தரவு.

ரூம் எடுக்கல. ராத்திரி தஞ்சாவூர்ல உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுனா விடியக்காலம் எழும்பூர். மறுநாள் ராத்திரி அதே வண்டியில திரும்பல். ரெண்டு ராத்திரியும் ரயில்லயே தூக்கம். மூத்த குடிமக்கள் சலுகை 2020-லயே போயிட்டதால அண்ணனுக்கும் முழு டிக்கெட்தான். ஸ்லீப்பர்ல ரெண்டு பேருக்குப் போக வர 900 ரூபா சொச்சம். குளியல், கழிப்பறை எல்லாம் ஸ்டேஷன்லயே, 100 ரூபா. காலையில அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா. டீ, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் சேத்து 250. டவுன் பஸ்ஸுக்கு 100. படம் ரெண்டு: காலையில கேசினோ, சாயங்காலம் தேவி. ஆன்லைன்ல போட்டா தனியா ஒரு கட்டணம் புடிக்கிறான், அதனால நேரா கவுண்டர்ல வாங்கிக்கலாம்னு இருக்கேன். வேலை நாள்ல போறதால கூட்டம் இருக்காது. நாலு டிக்கெட்டுக்கு 800 ஒதுக்கியிருக்கேன். கூட்டுனா 2150. மீதி 350 ஆத்திர அவசரத்துக்கு.

ரெண்டு படத்துக்கும் நடுவுல நாலஞ்சு மணி நேரம் இருக்கு. அப்ப "இல்ல" பக்கத்தைப் பாக்கறதாத் திட்டம். சாந்தி இருந்த இடம் தேவிக்குப் பக்கத்துலயே. அங்கேருந்து பஸ் ஏறி ஆயிரம் விளக்கு தாண்டுனா சஃபையர் இருந்த இடம். இல்லாத தியேட்டரைப் பாக்க டிக்கெட் கிடையாது. நம்ம கையிருப்புக்கு அதுதான் தோது.

மவன் கேட்டான், "போன்லயே எல்லாப் படமும் வருதுப்பா, இதுக்கா மெட்ராஸு?" என் வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல. கட்டுச்சோத்துக்குப் புளி எடுத்து வச்சுட்டா. அது சம்மதம்னு அர்த்தம். ராத்திரிச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

அண்ணனைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட்டேன். டூரிங் டாக்கீஸ் போன பொறவு டவுன் தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தாரு. 2005-க்கு மேல டிஜிட்டல் வர ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷத்துல பிலிம் மிஷினை ஓரங்கட்டிட்டாங்க, அவரையும்தான். அதுக்கப்புறம் எந்தத் தியேட்டருக்கும் அவரு போனதே இல்ல. "எனக்குக் கண்ணு சரியில்ல தம்பி, வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போ"ன்னாரு. கண்புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, நல்லாத்தான் தெரியுது. கோவம்தான் காரணம்.

விடாமக் கேட்டேன். கடைசியாச் சொன்னாரு: "முப்பது வருஷம் படம் ஓட்டியிருக்கேன். ஒரு படம்கூட சனங்களோட உக்காந்து முழுசாப் பாத்ததில்ல. அந்தச் சின்ன ஓட்டை வழியாப் பாத்ததுதான்."

நான் பேசாம இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டாரு. "ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டா?"

"ஆமாண்ணே. ஒட்டுன சீட்டு."

"அப்ப வர்றேன்."

வர்ற செவ்வாய்க்கிழமை ராத்திரி கிளம்புறோம், புதன்கிழமை பூரா மெட்ராஸுலதான் இருப்போம். பட்டணத்துல இருக்கிறவங்க, இன்னும் படம் ஓடுற பழைய தியேட்டர் எதையாச்சும் நான் விட்டிருந்தா சொல்லுங்க. 350 ரூபா கையில இருக்கு. பிலிம் மிஷினைக் கழட்டாம அப்படியே வச்சிருக்கிற தியேட்டர் ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சா அவசியம் சொல்லுங்க. அண்ணன் அதை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு சொல்றாரு.