கருமணலும் நட்சத்திர மாணிக்கமும்

மைசூர்ப் பகுதியில் அகப்படும் சில மாணிக்கங்களைக் குமிழ் வடிவில் இழைத்து ஒற்றை விளக்கின்கீழ்ப் பிடித்தால், ஆறு கதிர்களையுடைய நட்சத்திரம் ஒன்று தோன்றும். கல்லினுள் மூன்று திசைகளில் ஒழுங்காகப் படிந்துள்ள ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணூசிகளே இவ்விந்தைக்குக் காரணம். ரூட்டைல் என்பது டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்.

அன்பர்களே, அதே டைட்டானியம் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலே இல்மனைட் என்னும் கருமணலாகவும் குவிந்துள்ளது. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். வாயு விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இல்மனைட்டை அன்று பொருட்படுத்துவார் இலர். வெண்சாயம் செய்ய அது உதவும் என்று தெளிந்தபின், 1922 முதல் கப்பலேறத் தொடங்கிற்று. மணலை நாம் அனுப்பினோம். சாயமாக்கும் தொழிலும் அதன் ஊதியமும் பிறநாட்டாருக்கு உரியவாயின.

இக்குறையை நீக்க, 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தோன்றியது. எனினும் ஆக்சிஜனை இறுகப் பற்றிய இக்கனிமத்தினின்று உலோகத்தைப் பிரித்தல் எளிதன்று. கேரளத்துச் சவறாவில் டைட்டானியப் பஞ்சு ஆலை 2011-இல்தான் தொடங்கிற்று. மணல் ஏற்றுமதிக்கும் உலோக ஆக்கத்துக்கும் இடையே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன!

இன்று பெங்களூரில் உருவாகும் செயற்கைக்கோள்களின் எரிபொருட்கலங்கள் டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆனவை. இரும்பினும் இலேசாய், துருவுக்கு அஞ்சாததாய் அது விளங்குகிறது. ஆயினும் மணலெடுக்கும் கரையே மீனவர் குடியிருப்புக்கும் அரணாகும். அக்கரையைக் காத்துக்கொண்டே அதன் பயனைப் பெறுதல் நம் கடன்.