நாமக்கல் வழக்கும் நமது வாக்குரிமையும்

நாமக்கல் என்றதும் கோழிப் பண்ணைகளும் லாரிகளும் நினைவுக்கு வரும். சட்டம் பயில்வோருக்கோ அந்தப் பெயர் ஒரு வழக்கை நினைவூட்டும். 'என்.பி. பொன்னுசாமி எதிர் நாமக்கல் தொகுதி தேர்தல் நடத்தும் அலுவலர்' என்ற அந்த வழக்கில் 1952 ஜனவரி 21-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியாவில் நடைபெறும் ஒவ்வொரு தேர்தலையும் இன்றுவரை கட்டுப்படுத்துகிறது. தேர்தல் தொடங்கியபின் நீதிமன்றங்கள் ஏன் ஒதுங்கி நிற்கின்றன, வாக்களிப்பது நமது அடிப்படை உரிமையா என்ற இரு கேள்விகளுக்கும் விடை தேடுவோர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் சென்னை சட்டப்பேரவைக்கு நாமக்கல் தொகுதியில் போட்டியிட பொன்னுசாமி வேட்புமனு தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28-இல் நடந்த பரிசீலனையில் தேர்தல் நடத்தும் அலுவலர் அதை நிராகரித்தார். அந்த உத்தரவை ரத்து செய்து, தன் பெயரைச் செல்லத்தக்க வேட்பாளர் பட்டியலில் சேர்க்குமாறு அவர் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். தனக்கு அதிகாரம் இல்லை என்று உயர்நீதிமன்றம் கைவிரித்தது. மேல்முறையீடு, தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட ஆறு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது.

வழக்கின் உயிர்நாடி 'தேர்தல்' என்ற ஒற்றைச் சொல்லில் இருந்தது. தேர்தல் வழக்கு மூலமாக அன்றி வேறு எவ்வகையிலும் ஒரு தேர்தலைக் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது சாசனத்தின் 329(ஆ) பிரிவு. வாக்குப்பதிவும் முடிவு அறிவிப்பும்தான் தேர்தல். மனு பரிசீலனை அதற்கு முந்தைய படி. ஆகவே தடை இங்கே பொருந்தாது என்பது மனுதாரர் தரப்பு வாதம். நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அறிவிக்கை வெளியாவதிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் வரையிலான முழு நடைமுறையும் தேர்தலே. இடையில் எந்தப் படியிலும் நீதிமன்றம் குறுக்கிடலாகாது. குறைபாடு இருந்தால் தேர்தல் முடிந்தபின் வழக்குத் தொடரலாம் என்றது தீர்ப்பு.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் வலுவானது. அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 17.3 கோடி வாக்காளர்கள். சென்னை சட்டப்பேரவையில் மட்டும் 375 இடங்கள். மனு தள்ளுபடியான ஒவ்வொருவரும் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றிருந்தால், அவைகள் உரிய காலத்தில் கூடியே இருக்க முடியாது. (அதே தேர்தலில் காங்கிரஸ் 152 இடங்களே பெற்றது, அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, தேர்தலில் போட்டியிடாமலே மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். ஒருவரின் வேட்புமனு தள்ளுபடி. இன்னொருவருக்கு மனுவே தேவைப்படவில்லை!)

தீர்ப்பில் இன்னொரு கருத்தும் இருந்தது. வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் இயல்பாய் வந்த குடியுரிமைகள் அல்ல, சட்டம் படைத்தவை, ஆகவே அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உள்பட்டவை என்று அது கூறியது. வயதுவந்தோர் வாக்குரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக் குழு பரிந்துரைத்தது உண்மை. ஆனால் அது சாசனத்தின் வேறொரு பகுதியில், 326-ஆவது பிரிவாக இடம்பெற்றது. இந்த இடமாற்றத்தின் விளைவு பெரிது. பேச்சுரிமை பறிக்கப்பட்டால் 32-ஆவது பிரிவின் கீழ் நேரே உச்சநீதிமன்றத்தை அணுகலாம். வாக்குரிமைக்கு அந்த நேர்வழி கிடையாது. பிந்தைய தீர்ப்புகள் இதைச் சற்றே நெகிழ்த்தின. வாக்களிக்கும் உரிமை சட்டம் தந்ததாக இருக்கலாம். ஆனால் வாக்குச்சாவடிக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்னும் சுதந்திரம் கருத்துரிமையின் பகுதி என்று 2003-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தப் பாதையில்தான் 2013-இல் 'நோட்டா' வந்தது.

அமெரிக்காவைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. உரிமைகளின் தாயகமான அந்நாட்டில் வாக்குரிமை சாசனத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1787-இல் இயற்றப்பட்ட சாசனம் எவருக்கும் நேரடியாக வாக்குரிமை வழங்கவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. பின்னர் வந்த திருத்தங்களும் 'கூடாது' என்ற வடிவிலேயே அமைந்தன. இனத்தின் பெயரால் வாக்கை மறுக்கக் கூடாது (1870), பாலினத்தின் பெயரால் கூடாது (1920), கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரி கட்டாததற்காகக் கூடாது (1964), 18 வயது நிறைந்தோருக்கு வயதைக் காட்டி மறுக்கக் கூடாது (1971). சிறையில் இருப்போர் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் வாக்களிக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. நம் 326-ஆவது பிரிவோ முதல் நாளிலிருந்தே ஆண், பெண், சாதி, சொத்து என்ற வேறுபாடின்றி வாக்களித்தது. 1989-இல் வயது வரம்பு 21-இலிருந்து 18 ஆனது. இந்த ஒன்றில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள்.

ஆனால், வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறலாமா என்ற கேள்வியில் அமெரிக்க வழி முற்றிலும் வேறு. 2023 டிசம்பரில் கொலராடோ மாநில உச்சநீதிமன்றம், 14-ஆவது திருத்தத்தைக் காட்டி, டொனால்ட் டிரம்ப்பின் பெயர் அம்மாநில உள்கட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் இடம்பெறலாகாது என்றது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 4-ஆம் தேதி, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அதை ஒருமனதாக ரத்து செய்தது. நாமக்கல்லில் 'பிறகு வாருங்கள்' என்று சொல்லப்பட்ட கேள்விக்கு அங்கே முன்கூட்டியே விடை கிடைத்துவிட்டது.

அந்த விரைவுக்கும் விலை உண்டு. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் இருந்தபோது, மறு எண்ணிக்கையை உச்சநீதிமன்றம் நிறுத்தியது. ஜார்ஜ் புஷ் அதிபரானார். வெற்றியாளரைத் தீர்மானித்தது வாக்காளரா, ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்ற நீதிபதிகளா என்ற விவாதம் இன்னும் அடங்கவில்லை. அவை உறுப்பினர் தேர்தல் என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். தன் உறுப்பினரின் தேர்வு செல்லுமா என்பதை அந்தந்த அவையே முடிவு செய்யும் என்கிறது அவர்கள் சாசனம். 1985-இல் இண்டியானா மாநிலத் தொகுதி ஒன்றில், மாநிலம் வெற்றிச் சான்று அளித்தது ஒருவருக்கு. பெரும்பான்மைக் கட்சியின் வாக்குகளால் அவை அமர்த்தியது இன்னொருவரை, 4 வாக்கு வித்தியாசத்தில். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு நீதித்துறையிடம் இருப்பது பெரும்பேறு. தொடக்கத்தில் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. 1966-க்குப் பிறகு உயர்நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன.

ஆகவே நாமக்கல் தீர்ப்பைக் குறைசொல்ல முடியாது. அது ஒரு பேரம். தேர்தலின்போது நீதிமன்றம் தலையிடாது. பதிலாக, தேர்தலுக்குப் பிறகு முழுமையான பரிகாரம் கிடைக்கும். பேரத்தின் முதல் பாதியை நாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம். இரண்டாம் பாதி?

முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 'முயல வேண்டும்' என்ற சொல்லில் எல்லாம் கரைந்துவிடுகிறது. 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். சென்னை உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் பேரவையின் காலமே முடிந்துவிட்டது. 2019-இல் நடந்த தேனி மக்களவைத் தேர்தல் செல்லாது என்று உயர்நீதிமன்றம் அறிவித்தது 2023 ஜூலையில். அதற்கும் தடை வந்தது. பிற்காலத்தில் கிடைக்கும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கழித்துக் கணக்கிட வேண்டும் என்று பொருளியல் வகுப்பில் முதலாண்டிலேயே சொல்லித் தருவோம். ஐந்தாண்டுப் பதவிக்கு நான்காம் ஆண்டில் வரும் தீர்ப்பின் மதிப்பைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் தேவையில்லை. இத்தனைக்கும், பொன்னுசாமியின் மனு தள்ளுபடியானதிலிருந்து உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை, இரு நீதிமன்றங்களையும் சேர்த்து, ஆன காலம் 54 நாள்கள்!

வேட்புமனு நிராகரிப்பு வேட்பாளரின் சொந்தச் சங்கடம் மட்டும் என்று கருதுவோர் 2024 சூரத் மக்களவைத் தொகுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. எஞ்சிய பிறர் விலகிக்கொண்டார்கள். பாஜக வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானதாக ஏப்ரல் 22 அன்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவரும் வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. நோட்டாவை அழுத்தவும் வழியில்லை. அந்த நிராகரிப்பு சரியா, தவறா என்பது இங்கு கேள்வியல்ல. ஓர் அலுவலரின் ஒரு நாள் முடிவை, வாக்குப்பதிவுக்கு முன் மறுபரிசீலனை செய்ய ஓர் இடம்கூட இல்லை என்பதே கேள்வி.

சட்டம் அலுவலருக்கு வரம்பு விதிக்காமல் இல்லை. கணிசமான தன்மையற்ற குறைகளுக்காக மனுவை நிராகரிக்கக் கூடாது; நிராகரித்தால் காரணத்தை எழுதித்தர வேண்டும். தவறாக ஒரு மனு நிராகரிக்கப்பட்டது நிரூபணமானால், முடிவு பாதிக்கப்பட்டதா என்று பாராமலே அந்தத் தேர்தல் முழுவதும் செல்லாததாகிவிடும். இவ்வளவு கடும் விளைவு உள்ள ஒரு முடிவுக்குத்தான் உடனடி மேல்முறையீடு இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டால் மாவட்ட நிர்வாகத்திடமும், பிறகு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையிட 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதே ஏணியை வேட்புமனுவுக்கும் நீட்டலாம். மனுக்களைத் திரும்பப்பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள்கள் உள்ளன. பரிசீலனை முடிந்த 24 மணி நேரத்துக்குள் முறையீடு, அடுத்த 48 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையம் நியமிக்கும் மூத்த அதிகாரியின் முடிவு என்று வைத்தால் அட்டவணை குலையாது. நீதிமன்றம் நுழையாததால் 329(ஆ) பிரிவுக்கும் இடையூறு இல்லை. சாசனத் திருத்தம் வேண்டியதில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவில் நாடாளுமன்றம் ஓர் உட்பிரிவைச் சேர்த்தால் போதும்.