ஆறு நகரங்களும் ஒரு துறைமுகமும்

முன்னர் என்னிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் இப்போது ஒல்லாந்து தேசத்தில் வாழ்ந்து வருகிறார். அங்கு வந்து, வாடகைக்கு ஒரு மோட்டார் வண்டியை எடுத்து, நானே ஓட்டி நாட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வற்புறுத்தல். காற்றாலைகளையும் ரியூலிப் மலர்த் தோட்டங்களையும் குறித்து ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறார். பட்டியல் நன்று. ஆயினும், திருக்கோணமலையிலிருந்து புறப்படும் ஒருவன் அந்நாட்டைப் பார்க்கவேண்டிய ஒழுங்கு வேறு எனக் கருதி, யானே ஒரு பயணத் திட்டம் வகுத்தேன்.

ஒல்லாந்து, இலங்கையின் மூன்றிலிரண்டு பங்கினும் சற்றே சிறிய நாடு. ஐரோப்பாவிலுள்ள அதன் நிலப்பரப்பில் மிக உயர்ந்த இடமே 322 மீற்றர்தான். கால்பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அத்தகைய நாட்டில் 1602ஆம் ஆண்டு தோன்றிய கிழக்கிந்தியக் கம்பனியே, 1639இல் நம் துறைமுகத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, இடையில் விட்டகன்று, மீண்டும் வந்தமர்ந்து, இறுதியாக 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தது. அக்கம்பனிக்கு ஆறு நகரங்களில் ஆறு மன்றங்கள் இருந்தன: மிடில்பர்க், றொட்டர்டாம், டெல்ப்ட், அம்ஸ்டர்டாம், ஹூர்ன், என்குய்சன். இப்பெயர்கள் தமிழர் செவிக்கு முற்றிலும் புதியனவல்ல. நெடுந்தீவு இன்றும் டெல்ப்ட் என வழங்குகிறது. புங்குடுதீவுக்கு மிடில்பர்க் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும் ஒல்லாந்தர் பெயரிட்டிருந்தனர்.

தெற்கே மிடில்பர்க்கில் தொடங்கி வடக்கே என்குய்சனில் முடிக்க, ஏறத்தாழ 260 கிலோமீற்றர். திருக்கோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரம்! நம் கடற்கரையின் விதியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிர்ணயித்த நகரங்கள் அனைத்தும் ஒருபகற் பயணத்துள் அடங்கிவிடுகின்றன. படத்தில் அளந்து பார்த்தபோது எனக்கே வியப்பாயிற்று.

ஆயத்தங்கள் அதிகமில்லை. சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரம் வேண்டும். அங்கு வண்டிகள் வலப்புறமாகச் செல்லும். நமக்கோ இடப்புறமே பழக்கம். ஆதலின் முதல்நாள் நகரத்துள் ஓட்டாதிருத்தல் நலம். பகலில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீற்றரே எல்லை. 2020இல் வந்த விதி இது. துவிச்சக்கர வண்டிகள் மக்கள் தொகையினும் மிகுதி. வலப்புறம் திரும்புமுன் அவற்றுக்கு வழிவிடாதவன் அந்நாட்டில் பெரும் குற்றவாளி!

மிடில்பர்க்கின் அருகே வீரே என்றொரு சிறு துறை உண்டு. 1601இல் அங்கிருந்து புறப்பட்ட ஸ்பில்பேர்கன், அடுத்த ஆண்டு மே மாதம் மட்டக்களப்பை அடைந்து, பின்னர்க் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டார். அங்கிருந்து வடக்கே போகும் சாலை கடலின்மீதே செல்கிறது. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி அப்பகுதியில் கடல் கரைகளை உடைத்துப் புகுந்து 1,836 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கட்டிய அணைகளுள் பெரியது 1986இல் திறக்கப்பட்டது, அதன்மேல்தான் இச்சாலை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் மூதூரும் கிண்ணியாவும் பட்டதை அறிந்த நாம், அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாமற் போகலாமோ?

றொட்டர்டாமையும் டெல்ப்டையும் விரைந்து கடந்துவிடலாம். ஹேக் நகரில் மட்டும் இரண்டு நாள் தங்குவேன். அங்குள்ள தேசிய சுவடிகள் நிலையத்தில் கம்பனியின் ஏடுகள் அடுக்கடுக்காக ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர் நீளத்துக்கு உள்ளன. ஏனையவை கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப் டவுன் ஆகிய நகரங்களில் இருக்கின்றன. கம்பனியார் எழுதிவைத்தவை நமக்கு எதற்கு என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1786இல் திருக்கோணமலையில் தலைமை அதிகாரியாயிருந்த வான் செண்டன், கொட்டியாரம் முதலிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். கங்குவேலிக் குளத்துக் கல்வெட்டைப் பற்றியும் அதில் குறித்தார். குடிகளின் வறுமை கண்டு, முன்னிருந்த வேளாண்மையை மீட்கவேண்டும் என விரும்பினார். அவர் விருப்பத்தில் கம்பனியின் வருவாய்க் கணக்கும் கலந்திருக்கும்; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவ்வாண்டிற் கண்டு எழுதிய சாட்சி அவர்தாம்.

அம்ஸ்டர்டாம் செல்லும் வழியில் சற்றே விலகி மைட்ரெக்ட் என்னும் ஊருக்குப் போகவேண்டும். பயண நூல்கள் சொல்லாத ஊர். கோணேசர் மலையில், பழைய ஆலயத்தின் தூண் எனக் கருதப்படும் கல்லொன்றில், 1687 ஏப்ரல் 24 என்னும் திகதியுடன் பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரும் இவ்வூரின் பெயரும் பொறிக்கப்பட்டன. காதலன் கப்பலேறிச் சென்றதனால் அவள் பாறையிலிருந்து கடலிற் குதித்தாள் என்பது வழிகாட்டிகள் கூறும் கதை. அவள் பின்னரும் வாழ்ந்தாள் என ஆய்ந்தோர் காட்டியிருக்கின்றனர். கம்பனியின் ஆணையாளராக வந்த ஹென்றிக் வான் றீட் மைட்ரெக்டின் பிரபு; மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டவர். என் மாணாக்கர் அனைவருக்கும் குதித்த கதை தெரியும். அத்தூண் யாருடைய கோயிலைத் தாங்கியது என்று கேட்டவர் மிகச் சிலரே.

அம்ஸ்டர்டாமில் கம்பனி கப்பல் கட்டிய தீவின் பெயர் ஊஸ்டன்பர்க். நம் துறைமுக வாயிலிலுள்ள கோட்டைக்கும் அதே பெயர். ஹூர்ன் நகரச் சதுக்கத்தில் 1893இல் நிறுவிய கூன் என்பவரின் சிலையைக் காணலாம். 1621இல் பண்டாத் தீவு மக்களை அழித்தவர் அவர். அந்நகரத்தாரே இன்று அச்சிலையைப் பற்றி வாதிடுகின்றனர்.

என்குய்சனில் பயணம் முடியும். அங்கிருந்து கிழக்கே நீர்நடுவே நீண்ட அணைச்சாலை ஒன்று போகிறது. அதில் மாலைப்பொழுதில் ஓட்டிச்செல்ல எண்ணியிருக்கிறேன். மாணவருக்குத் திட்டத்தை அனுப்பினேன். "சேர், ரியூலிப் தோட்டம் எங்கே?" என்று பதில் வந்தது. அதற்கும் ஒரு முற்பகலை ஒதுக்கிவிட்டேன்.