எட்டுப் போடாதவர்கள்

போக்குவரத்து அலுவலக மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றவர்கள் நாம். அதற்கு முன் வெள்ளைத் தகட்டில் சிவப்பாக 'எல்' எழுதி மாட்டிக்கொண்டு, பின்னால் வருபவரின் எரிச்சலைச் சகித்தபடி ஊர்ந்திருக்கிறோம். அந்தச் சிவப்பு எழுத்து பிரிட்டனில் பிறந்தது, ஆண்டு 1935. மோட்டார் வண்டி தெருவுக்கு வந்து ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து!

பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்தது 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம். 5 ஷில்லிங் கட்டினால் உரிமம் கைக்கு வந்துவிடும். கார் ஓட்ட 17 வயது, மோட்டார் சைக்கிளுக்கு 14. ஓட்டத் தெரியுமா என்ற கேள்வியே கிடையாது. தவறு செய்தவரை அடையாளம் காண உதவும் ஒரு சீட்டு, அவ்வளவே. பாரிஸ் நகரக் காவல்துறையோ 1893-லேயே தகுதிச் சான்று கேட்கத் தொடங்கியிருந்தது. அன்று கார் வைத்திருந்தவர்கள் செல்வர்கள். அவர்களிடம் ஓட்டிக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பெரும்பாலோர் மதிக்காத 20 மைல் வேக வரம்பைக் கார்களுக்கு அடியோடு நீக்கியது. அதற்கு ஈடாக நல்லொழுக்கத்தை நம்பியது. 1931-இல் ஒரு பென்னி விலையில் 'ஹைவே கோட்' என்னும் சாலை விதிக் கையேடு வெளிவந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு கைச் சைகைகளுக்கே போய்விட்டது. குதிரை வண்டிக்காரர் சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிச் சைகை காட்டும் முறைகூட உண்டு. பின்புறம் பார்க்கும் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முந்திச் செல்லும்போது ஹாரன் அடிக்கச் சொல்லியிருந்தது (நம்மூர் லாரிகளின் பின்புறம் அந்த அறிவுரையை இன்றும் சுமந்து திரிகிறது).

அந்த ஆண்டில் அங்கே இருந்த மோட்டார் வண்டிகள் 23 லட்சம். சாலையில் மாண்டவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். இன்று அங்கே வண்டிகள் 4 கோடியைத் தாண்டிவிட்டன, ஆண்டுச் சாவுகள் 2,000-க்குக் கீழே. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அன்றைய தெருவின் கொடுமை விளங்கும்.

1934-இல் சாவு 7,343 ஆனது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பாதசாரிகள். அவ்வாண்டு போக்குவரத்து அமைச்சரான லெஸ்லி ஹோர்-பெலிஷா, லண்டன் கேம்டன் பகுதியில் தெருவைக் கடக்கும்போது விரைந்து வந்த ஒரு காரில் அடிபடாமல் தப்பியவர். நடப்பவரின் கண்ணால் சாலையைப் பார்க்கும் வாய்ப்பு ஓர் அமைச்சருக்கு அப்படி வாய்த்தது. கடக்குமிடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பங்களின் உச்சியில் மஞ்சள் உருண்டைகள் முளைத்தன. அவருடைய பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. 1935 மார்ச்சில் கட்டடங்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது. ஜூன் 1 முதல் ஓட்டுத் தேர்வு கட்டாயமாயிற்று.

தேர்வு மையம் என்று ஓரிடம் அப்போது கிடையாது. பூங்கா வாசலிலோ ரயில் நிலையத்திலோ தேர்வாளரைச் சந்திக்க வேண்டும். கட்டணம் ஏழரை ஷில்லிங். முதல் ஆண்டில் தேறியவர்கள் 100-க்கு 63 பேர். நம் கவனம் எஞ்சிய 37 பேரிடம் செல்கிறது. ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் 5 ஷில்லிங் சீட்டோடு அவர்கள் அனைவரும் சாலையில் இருந்திருப்பார்கள்.

முன்பே வந்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். 1934 ஏப்ரல் 1-க்கு முன் ஓட்டத் தொடங்கியவர்களுக்குத் தேர்வு இல்லை என்றது சட்டம். அதாவது, எந்த ஓட்டுநர்களின் காலத்தில் அந்த 7,000 சாவுகள் நேர்ந்தனவோ, அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தச் சலுகை அத்தோடு நிற்கவில்லை. போர் மூண்டதும் 1939-இல் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. 1946 நவம்பரில்தான் மீண்டும் தொடங்கின. இடைக்காலத்தில் பழகுநர் உரிமத்தோடு ஓட்டியவர்கள், தேர்வு எழுதாமலே அதை முழு உரிமமாக மாற்றிக்கொள்ள 1947-இல் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. சிவப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு அவர்களும் சாலையில் கலந்தார்கள்.