பொம்மைக் காலணியும் புதிர்ப் பெட்டியும்

பொம்மையின் உடைமைகளுள் முதலில் தொலைந்து போவது அதன் காலணியே. உடை கிழிந்தாலும் துணிமூட்டையின் ஒரு மூலையில் தங்கியிருக்கும். தொப்பி நசுங்கினாலும் எங்கேனும் கண்ணில் படும். விரல் நகத்தின் அளவே உள்ள காலணியோ கட்டிலின் அடியிலும் துடைப்பத்தின் வாயிலும் மறைந்துவிடுகிறது. மாற்றல் உத்தரவு வந்து ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மைப் போன்ற குடும்பங்கள் இதனை நன்கறியும். பொம்மை பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். அதன் ஒரு காலில் மட்டுமே செருப்பிருக்கும்.

தொலைவதற்கென்றே பிறந்தது போன்ற இச்சிறு பொருளை இன்று பல நாடுகளிலும் தேடித் தேடிச் சேர்ப்போர் இருக்கின்றனர். சிறுமியரேயன்றி முதியோரும் அவருள் உளர். பழையவற்றை ஏலத்தில் எடுப்பாரும் உண்டு. உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாதவாறு மூடி விற்கப்படும் புதிர்ப் பெட்டிகளை வாங்கிப் புதியவற்றைச் சேர்ப்பாரும் உண்டு. அற்ப விஷயம் என்று இதனை நாம் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. காலில் ஒட்டியிருந்த ஒரு பொருள் எவ்வாறு தனியே விலைக்கு வந்தது, விலைக்கு வந்த பொருள் எவ்வாறு குலுக்கல் சீட்டின் தன்மையைப் பெற்றது என்பதை இக்காலணியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நம் வீட்டுக் குழந்தைகளின் உண்டியற் காசும் அவ்வரலாற்றில் சேர்ந்திருக்கிறது.

நாம் ஈண்டுப் பேசுவது குழந்தை வடிவப் பொம்மையைப் பற்றியன்று. வளர்ந்த பெண்ணின் வடிவில் அமைந்து, காலத்துக்கேற்ற ஆடையணிகளைப் பூணும் நாகரிகப் பொம்மையைப் பற்றியே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரத்திலிருந்து, புதிய பாணி உடைகளை அணிவித்த பொம்மைகள் இலண்டன் முதலிய தலைநகரங்களுக்குச் சென்றன. ‘பண்டோரா’ என்று பெயர்பெற்ற அவை விளையாட்டுக்காக அனுப்பப்பட்டவை அல்ல. இவ்வாண்டு பாரிஸில் எத்தகைய உடை உடுத்துகிறார்கள் என்பதைச் சொல்லச் சென்ற தூதுவர்கள். உடைப் பாணிகளை அச்சிட்ட படங்கள் பெருகியபின் அத்தூது முடிவுற்றது.

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அதே பாரிஸில் யூரே, ஜுமோ, புரு முதலிய நிறுவனங்கள் இப்பொம்மையைச் செல்வர் வீட்டுச் சிறுமியரின் கைக்குக் கொணர்ந்தன. தலை பீங்கானாலும் உடல் ஆட்டுத்தோலாலும் அமைந்தன. அதனுடன் ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் கையுறை, விசிறி, குடை, பொத்தான் வைத்துத் தைத்த தோற்காலணி எல்லாம் இருந்தன. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜுமோ நிறுவனத்துக்குப் பதக்கம் கிடைத்தது. ஆனால் நடுவர்கள் பாராட்டியது பொம்மைகளை அன்று. அவை அணிந்திருந்த ஆடைகளையே. பொம்மையைவிட அது அணிவதே பெரிது என்னும் வாணிக உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

1863ஆம் ஆண்டில் ‘லா பூப்பே மொடேல்’ என்ற பிரெஞ்சு இதழ் தோன்றியது. பொம்மைக்கு வேண்டிய உடைகளை வெட்டித் தைப்பதற்கான மாதிரிகளை அது வெளியிட்டு வந்தது. உடையைச் சிறுமி தானே தைத்துவிடலாம். தோலை வெட்டி, அடி வைத்து, பொத்தான் பொருத்திக் காலணி செய்வது அத்துணை எளிதன்று. ஆகவே காலணி பெரும்பாலும் கைவினைஞரின் வேலையாகவே இருந்தது. அக்காலத்துக் காலணிகள் சிலவற்றின் அடியில் தயாரித்தவரின் முத்திரை காணப்படும். இன்று சேகரிப்போர் அம்முத்திரையைக் கொண்டே, இது எக்காலத்தது, எந்தப் பொம்மைக்கு உரியது என்பனவற்றை ஆராய்கின்றனர்.

நம் நாட்டு வழக்கத்தோடு இதனை ஒப்பிடுதல் தகும். கொலுவில் அமரும் மண்பொம்மைகளின் உடையும் அணியும் வண்ணத்தில் தீட்டப்பட்டவை, கழற்ற இயலாதவை. மரப்பாச்சிக்கு வீட்டுப் பெண்கள் பட்டுத் துண்டில் உடை உடுத்துவர். அவ்வுடை கடையில் வாங்கியதன்று, வீட்டில் எஞ்சிய துணியே. கழற்றக்கூடியது எதுவோ அதுவே தனியாக விற்கத்தக்கது என்னும் விதியை இவ்விரு பொம்மைகளையும் பார்த்தவர் எளிதில் உணர்வர்.

அவ்விதி முழுமையாகப் பயன்பட்டது 20ஆம் நூற்றாண்டில். 1955ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் ‘பில்ட்’ நாளிதழின் கேலிச்சித்திரப் பெண்ணான லில்லி பொம்மையாக வெளிவந்தாள். அவளுடைய உயர்குதிக் காலணி காலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தது. அது தொலையாது, அதனை மாற்றவும் முடியாது. மறு ஆண்டு ஐரோப்பாவில் பயணம் செய்த அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லர் அப்பொம்மையைக் கண்டு வாங்கிச் சென்றார். 1959ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் நியூயார்க் விளையாட்டுப் பொருட்காட்சியில் அவருடைய மாட்டெல் நிறுவனம் ‘பார்பி’யை அறிமுகம் செய்தது. பதினொன்றரை அங்குல உயரம். மூன்று டாலர் விலை. லில்லியைப் போன்றே நுனிக்காலில் நிற்கும் பாதம். ஆனால் காலணி காலிலிருந்து பிரிந்துவிட்டது. விரல் தெரியும் கறுப்புக் காலணிகளின் அடியிலும் பாதங்களிலும் துளைகள் இருந்தன. தாங்கியின் இரு கம்பிகள் அத்துளைகளில் நுழைந்து பொம்மையை நிறுத்தின.

காலணி பிரிந்ததன் விளைவுகள் பல. உடைத் தொகுதிகள் தனித்தனியே விற்பனைக்கு வந்தன. அவற்றுக்குப் பொருந்தும் நிறத்தில் காலணிகளும் வந்தன. ஒரு நிறுவனத்தின் காலணி மற்றொன்றின் பொம்மைக்குப் பொருந்துவது அரிதாயிற்று. ஒரே நிறுவனத்திற்குள்ளும் இவ்வேறுபாடு தோன்றியது. 1964ஆம் ஆண்டு வந்த ஸ்கிப்பர் என்னும் தங்கைக்குத் தட்டைப் பாதம். அக்காளின் காலணி அவளுக்கு ஆகாது. 2015ஆம் ஆண்டு சில பார்பிகளுக்குக் கணுக்கால் மடங்கும் அமைப்பு வந்தது. அதன்பின் தட்டைக் காலணிகளும் தேவைப்பட்டன. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிராட்ஸ்’ பொம்மைகளோ இன்னும் ஒரு படி மேலே சென்றன. அவற்றில் காலணியைக் கழற்றினால் பாதமும் சேர்ந்தே கழன்றுவரும்! காலணி தொலைந்தால் கால் தொலைந்ததாகும்.

தொலைவது மிகுதியாக, தேடுவோரும் மிகுந்தனர். 1960களின் பார்பி காலணிகள் பலவற்றின் அடியில் ‘ஜப்பான்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அவை அந்நாட்டில் செய்யப்பட்டவை. சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதனைப் படித்து, ஒற்றைக் காலணிக்கு இணை தேடுகின்றனர். பழைய நெகிழிக்குள் சேர்த்த மென்மையூட்டும் பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து பிசுபிசுப்பாகும் என்பதை அறிந்தவர்கள், காலணிகளைப் பொம்மையின் காலிலேயே விட்டு வைக்காமல் தனியே பாதுகாக்கின்றனர். பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும் கலை இது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று கண்ணால் கண்டே வாங்குகிறார்.

இனி, மூடிய பெட்டியின் வரலாற்றுக்கு வருவோம். உள்ளிருக்கும் பரிசைக் காட்டாது விற்பது புதிய தந்திரமன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் படச்சீட்டுகள் வந்தன. 1912ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ‘கிராக்கர் ஜாக்’ என்னும் சோளப்பொரிப் பொட்டலத்தில் சிறு பரிசுகள் இடம்பெற்றன. 1965ஆம் ஆண்டு ஜப்பானில், காசைப் போட்டுத் திருகினால் உருண்டைக் குமிழ் ஒன்று விழும் இயந்திரங்கள் அறிமுகமாயின. 1974ஆம் ஆண்டு இத்தாலியில் ‘கிண்டர்’ சாக்லேட்டு முட்டை பிறந்தது. அப்பொட்டலங்களிலும் முட்டையிலும் தின்பண்டமேனும் உறுதியாகக் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘எல். ஓ. எல். சர்ப்ரைஸ்’ பந்திலோ மறைவே பண்டமாயிற்று. வெங்காயத் தோலைப் போல உறை உறையாக உரிக்க வேண்டும். ஓர் உறைக்குள் காலணி, ஓர் உறைக்குள் உடை, கடைசியில் பொம்மை. 2020ஆம் ஆண்டு பார்பியும் இவ்வழியில் வந்தாள். நீரில் அமிழ்த்தினாலன்றி நிறம் தெரியாத பொம்மை அது. பின்னர்ப் பொம்மையே இல்லாமல், சிறு காலணிகளை மட்டுமே குமிழிலும் பெட்டியிலும் மறைத்து விற்கும் வழக்கமும் தோன்றியது.

இதில் மறைந்துள்ள கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு வரிசையில் 12 வகைக் காலணிகள் உள்ளன என்றும், அவை சம அளவில் பெட்டிகளில் இடப்பட்டுள்ளன என்றும் கொள்வோம். பன்னிரண்டையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? நிகழ்தகவுக் கணிதம் தரும் விடை, ஏறத்தாழ 37. முதல் ஆறு வகைகள் சுமார் 8 பெட்டிகளில் கிடைத்துவிடும்; எஞ்சிய ஆறுக்கு 29 பெட்டிகள் வேண்டும்; கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 12. ஒரு பெட்டி 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடிப் பேழையில் காட்டி விற்றால் 2,400 ரூபாயில் முடியும் வாணிகம், மூடி விற்பதால் 7,400 ரூபாயாகிறது. சில வகைகளை வேண்டுமென்றே அரியனவாக ஆக்கினால் இத்தொகை இன்னும் ஏறும். தொடக்கத்தில் எளிதில் கிடைப்பதனால் உண்டாகும் நம்பிக்கையே முடிவில் குழந்தையை இழுத்துச் செல்கிறது.

உலக அரசுகள் இதனைக் கவனியாமல் இல்லை. 2023ஆம் ஆண்டு சீன அரசின் சந்தை ஒழுங்குமுறைத் துறை வெளியிட்ட நெறிமுறைகள், எட்டு வயது நிரம்பாத சிறாருக்குப் புதிர்ப் பெட்டிகளை விற்றலாகாது என்றும், ஒவ்வொரு வகையும் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அறிவிக்க வேண்டும் என்றும் கூறின. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாக வகுத்துள்ளது. தன் காசுக்கு என்ன கிடைக்கும் என்று அறியும் உரிமை, ஒரு முழ உயரமே உள்ள நுகர்வோருக்கும் உரியதன்றோ?

ஆயினும் குழந்தையின் ஆசையைக் கடிந்து பயனில்லை. பெட்டியைத் திறக்கும் கணத்தின் களிப்பு உண்மையானதே. நாம் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, பண்டமாற்று. இரண்டு வீட்டுக் குழந்தைகள் தம்மிடம் இரட்டிப்பாக உள்ளவற்றை மாற்றிக்கொண்டால் வாங்க வேண்டிய பெட்டிகள் பெரிதும் குறையும். மொழி வேறான அண்டை வீட்டாரோடு நட்பும் வளரும். இரண்டாவது, மேற்கண்ட கணக்கை அவர்களுக்கே சொல்லித் தருவது. பன்னிரண்டு சீட்டுகளில் எண்களை எழுதிக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு, எல்லா எண்களும் வர எத்தனை முறை எடுக்க வேண்டியுள்ளது என்று எண்ணச் செய்யலாம். காசு செலவின்றி உண்மை விளங்கிவிடும்.

டில்லியில் உள்ள அன்பர்கள், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1965ஆம் ஆண்டு நிறுவிய பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். பல நாட்டுப் பொம்மைகள் தத்தம் உடையில் அங்கே நிற்கின்றன. எதுவும் உறைக்குள் மறைக்கப்படவில்லை. ஆயினும் பார்ப்போரின் வியப்புக்குக் குறைவில்லை. வீட்டில் ஒற்றைக் காலணி ஏதேனும் அகப்பட்டால் அதனைக் குப்பையோடு கூட்டிவிடாமல் ஒரு சிமிழில் இட்டு வையுங்கள். அதன் இணை எந்த ஊரில் எவர் வீட்டுச் சிமிழில் காத்திருக்கிறதோ!